பழைய யூனோஸ் ரோட்ஸ்டர்: பின் பிரேக்கில் விட்டு விட்டு வரும் கீச்சுச் சத்தம்

கேள்வி – 2025 மார்ச் 8

"1994 யூனோஸ் ரோட்ஸ்டர் (மாஸ்டா எம்எக்ஸ்-5-ன் ஜப்பான் பெயர்), 1.8 லிட்டர் இன்ஜின். இங்கிலாந்துக் குளிர்காலம் முழுக்க வெளியில் தார்ப்பாய் போட்டு நின்றது. இப்போது எடுத்தால், மெதுவாகப் போகும்போது பின்னாலிருந்து கீச்... கீச்... என்று விட்டு விட்டு வருகிறது. பிரேக் மிதித்தால் நின்றுவிடுகிறது, காலை எடுத்தால் திரும்ப வருகிறது. பக்கத்து கராஜில் காட்டினேன். பழைய வண்டி, நாலு சக்கரத்துக்கும் டிஸ்க்கும் பேடும் மாற்றினால் போய்விடும் என்றார்கள். மாற்றிவிடலாமா அண்ணா?"

மார்ச் 8, இரவு

மாற்ற வேண்டாம். எந்தச் சக்கரம், எதனால் என்று தெரியும்வரை எதையும் வாங்காதீர்கள்.

உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. பேட் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டை இருபுறமும் அழுத்தும் கட்டை) முழுக்கத் தேய்ந்து அதன் இரும்புத் தகடு டிஸ்க்கில் உரசினால், மிதிக்கும்போது சத்தம் கூடும். கரகரவென்று கேட்கும், நிற்காது. உங்களுக்கு மிதித்தால் நிற்கிறது. அப்படியென்றால் ஏதோ ஒன்று டிஸ்க்கை லேசாகத் தொட்டுக்கொண்டே போகிறது, அழுத்தியதும் அது இறுகி அடங்கிவிடுகிறது. பேடாக இருக்கலாம். பேட் தேய்ந்ததைச் சொல்வதற்காக அதில் வைத்திருக்கும் சின்னத் தகடாகவும் இருக்கலாம்.

பிரேக் சத்தம் எதுவானாலும் நான் கேட்பது இரண்டே கேள்விதான். அசைய வேண்டியது அசையாமல் நிற்கிறதா? அசையக் கூடாதது அசைகிறதா? காலிப்பர் (பேட்களை அழுத்தும் பிடி) தன் பின்களில், அதாவது வழுக்குக் கம்பிகளில், வழுக்க வேண்டும், அதனுள் இருக்கும் பிஸ்டன் போய் வர வேண்டும், பேட் தன் இருப்பிடத்தில் முன்னும் பின்னும் நகர வேண்டும். ஆனால் டிஸ்க் ஹப்பில் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதியில்) ஆடக் கூடாது, பேட் மேலும் கீழும் துள்ளக் கூடாது, பின்னால் இருக்கும் தடுப்புத் தகடு டிஸ்க் பக்கம் வளையக் கூடாது. புது டிஸ்க்கும் பேடும் போடுவதால் மட்டும் இறுகிப் பிடித்துக்கொண்ட வழுக்குக் கம்பி ஒன்றுகூட வழுக்க ஆரம்பிக்காது. இரண்டு வாரம் அமைதியாக இருக்கும், அப்புறம் புது பேடும் அதே மாதிரி கத்தும்.

மார்ச் 9

"விட்டு விட்டு" என்று எழுதியிருந்தீர்கள். எவ்வளவு விட்டு என்பது முக்கியம். எண்ணிவிடலாம்.

உங்கள் வண்டியில் 185/60 ஆர் 14 டயர் என்று எடுத்துக்கொள்கிறேன். அதன் சுற்றளவு சுமார் 1.8 மீட்டர். மணிக்கு 10 மைல் வேகத்தில் போனால் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய இரண்டரை முறை சுற்றும். உங்கள் 1.8-ல் பின் டிஃபரன்ஷியலின் (பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரக் கூடு) விகிதம் 4.1 என்பதால், அதே வேகத்தில் அதைச் சுற்றும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் நொடிக்குப் பத்து முறை சுற்றும். ஆக, சத்தம் நொடிக்கு இரண்டு மூன்று தடவை வந்தால் அது சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று: டிஸ்க், ஹப், டயர். எண்ணவே முடியாமல் படபடவென்று வந்தால் பிரேக்கை விட்டுவிட்டு நடுவில் இருக்கும் ஷாஃப்ட்டைப் பாருங்கள்.

போனில் பதிவு செய்துகொண்டு வீட்டில் உட்கார்ந்து எண்ணுங்கள். ஓட்டிக்கொண்டே எண்ண வேண்டாம். முடிந்தால் கூரையைத் திறந்துவிட்டு, நீளமான சுவர் ஒன்றை ஒட்டிப் போங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் எந்தப் பக்கம் என்று காட்டிக்கொடுக்கும். அதே சாலையில் திரும்பி வரும்போது மறுபக்கம் சுவர் பக்கமாக வந்துவிடும், இரண்டையும் ஒப்பிடலாம். திறந்த வண்டி வைத்திருப்பதில் உள்ள வசதி இது.

மார்ச் 9, மாலை

ஹேண்ட்பிரேக் சோதனையைச் சொல்ல விட்டுப்போயிற்று. இந்த வண்டியில் ஹேண்ட்பிரேக்குக்குத் தனியாக டிரம் கிடையாது. கேபிள் நேராகப் பின் காலிப்பருக்குப் போய் அதே பேடைத்தான் அழுத்தும். எனவே ஆளில்லாத, காய்ந்த, நேரான சாலையில், 10 மைல் வேகத்தில், பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே ஹேண்ட்பிரேக்கை இரண்டு மூன்று பல் மட்டும் மெதுவாக இழுங்கள். சத்தம் நின்றாலோ மாறினாலோ பின் பக்கம்தான் என்பது கிட்டத்தட்ட உறுதி. மாறாவிட்டால் காது ஏமாற்றியிருக்கலாம். இவ்வளவு சின்ன வண்டியில் முன் சக்கரச் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்பது சகஜம்.

மார்ச் 11

மேலே சொன்ன சோதனைக்கு ஒரு நண்பர் மறுப்பு எழுதியிருக்கிறார்: கேபிள் ஒரு பக்கம் இறுகி, மறுபக்கம் தளர்ந்திருந்தால் ஒரு சக்கரம் மட்டும்தானே பிடிக்கும்? நியாயமான மறுப்பு. அப்படி இருந்தால் சத்தம் மாறவில்லை என்பதை வைத்துப் பின் பக்கத்தை விடுவிக்க முடியாது. மாறினால் பின் பக்கம் என்று நம்பலாம், மாறாவிட்டால் எதுவும் நிரூபணம் ஆகவில்லை. சோதனையை அந்த அளவுக்கே பயன்படுத்துங்கள்.

இன்னொருவர், "டிஸ்க் வளைந்திருக்கும், அதுதான் விட்டு விட்டு வருகிறது" என்கிறார். இந்த வார்த்தை ஒர்க்‌ஷாப்புகளில் ரொம்பத் தாராளமாகப் புழங்குகிறது. பிரேக் போடும்போது ஸ்டியரிங் உதறுவதை டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் டிஸ்க் வெப்பத்தில் வளைந்திருக்காது. இரண்டு காரணங்கள்தான் அதிகம். ஒன்று, டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் துரு இருந்து, டிஸ்க் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். இரண்டு, பேடின் பொருள் ஓரிடத்தில் மட்டும் படிந்து அங்கே தடிமன் கூடியிருக்கும். நூற்றில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமன் வித்தியாசமே பெடலில் தெரிந்துவிடும். சாய்வு 0.1 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான அளவு. சாய்வை அளக்கும் டயல் கேஜ் இருந்தால் ஐந்து நிமிட வேலை.

உதறல் இல்லாமல் வெறும் கீச்சு மட்டும் என்றால் நான் அந்தப் பக்கம் முதலில் போக மாட்டேன்.

மார்ச் 12

கொஞ்சம் விலகிப் போகிறேன். வேறொருவர் கேட்டது: "என் வண்டி சிக்னலில் நிற்கும்போது, கடைசி சில அடியில் மட்டும் 'ஈஈஈ' என்று கத்துகிறது. இதுவும் அதுதானா?"

இல்லை, இது வேறு ஜாதி. இது பிரேக் பிடிப்பதால் வரும் சத்தம், உரசிக்கொண்டே போவதால் வருவதல்ல. பேட் டிஸ்க்கைப் பிடிப்பதும் வழுக்குவதுமாக நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை மாறிக்கொண்டே இருக்கும்போது டிஸ்க் அதிர ஆரம்பிக்கிறது. வார்ப்பிரும்பு டிஸ்க்கைக் கழற்றித் தொங்கவிட்டுத் தட்டிப் பாருங்கள், பித்தளைத் தாம்பாளம் மாதிரி கணீரென்று ஒலிக்கும். பேட்தான் வயலின் வில், டிஸ்க்தான் ஒலிப்பது. நம் காதுக்குக் கூர்மை அதிகமான இடம் 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை. பிரேக் கீச்சு நிறைய அங்கேதான் விழுகிறது. அதனால்தான் அற்ப அதிர்வுகூடத் தெருவே திரும்பிப் பார்க்கும் சத்தமாகிறது.

என் வண்டி 1991, 1.6. எனக்கும் முன் சக்கரத்தில் இதே தொல்லை இருந்தது. எனக்கு முன் வைத்திருந்தவர் பேட் மாற்றியபோது, பேடின் முதுகில் வரும் ஷிம் தகடுகளைத் திரும்பப் போடவில்லை. ஷிம் பார்க்க ஒன்றுமில்லாத தகடு. ஆனால் பிஸ்டனுக்கும் பேடுக்கும் நடுவில் இருந்து அதிர்வை உறிஞ்சுவது அதுதான். கூடவே அந்த பேட்களின் ஓரம் செங்குத்தாக, வெட்டிய செங்கல் கணக்காக இருந்தது. நல்ல பேட்களில் ஓரம் சரிவாகச் சீவப்பட்டிருக்கும். சரிவு இருந்தால் முன் விளிம்பு டிஸ்க்கைக் கடிக்காது. ஷிம் வாங்கிப் போட்டு, ஓரத்தை அரத்தால் லேசாகச் சீவினேன், அடங்கிவிட்டது. சீவும்போது முகமூடி போட்டு, ஈரப்படுத்திச் செய்யுங்கள். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது. பழைய பேட்களில் கல்நார் இருந்த காலமும் உண்டு.

"ரேஸ் பேட் போட்டால் சரியாகுமா?" என்பதற்கும் சேர்த்தே பதில்: ஆகாது, கூடும். பந்தயத்துக்கான பேட்கள் சூட்டில் பிடிப்பதற்காகச் செய்தவை. பால் வாங்கக் கடைக்குப் போகிற தூரத்தில் அவை சூடாகவே ஆகாது, கத்திக்கொண்டேதான் வரும்.

மார்ச் 13

கேள்வி கேட்டவர் பதிவை அனுப்பியிருக்கிறார். கேட்டேன். ஏறக்குறைய 10 மைலில் நொடிக்கு இரண்டரை. சக்கரத்துக்கு ஒரு சுற்றில் ஒரு தடவை. ஹேண்ட்பிரேக்கை லேசாக இழுத்ததும் நின்றுவிட்டதாம். சுவர் ஓரம் ஓட்டியதில் இடது பக்கம் அதிகம் கேட்டதாம்.

பின் இடது. நாலு சக்கரத்துக்கும் மாற்றுவதாக இருந்தது, இப்போது ஒரு சக்கரத்துக்கு வந்துவிட்டோம்.

மார்ச் 14

சனிக்கிழமை கழற்றப் போகிறீர்கள் என்பதால் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

தரை சமமாக இருக்கட்டும். முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். வீல் நட்களை வண்டி தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்துங்கள். பின் பக்கம் தூக்க ஜாக்கை டிஃபரன்ஷியல் கூட்டின் அடியில் கொடுக்கலாம், ஸ்டாண்டுகளைப் பக்கவாட்டு விளிம்பில் அதற்கென்று இருக்கும் இடத்தில் வையுங்கள். அந்த விளிம்பை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு வையுங்கள். சாலையில் கொட்டும் உப்பு இந்த வண்டிகளின் பக்கவாட்டுச் சட்டத்தைத்தான் முதலில் தின்னும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் கையை விடாதீர்கள்.

கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் இறக்கி. இப்போது சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பின் சக்கரம் முன் சக்கரம் போல லேசாகச் சுற்றாது, டிஃபரன்ஷியலும் ஷாஃப்ட்டும் கூடவே சுற்ற வேண்டும். அதனால் கனமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் இறுகுகிறதா என்று கவனியுங்கள்.

சக்கரத்தைக் கழற்றியதும், எதையும் தொடுவதற்கு முன் டார்ச் அடித்து நன்றாகப் பாருங்கள். ஒரு போட்டோ எடுங்கள். டிஸ்க்கில் பேட் வடிவத்தில் துருக் கறை இருக்கிறதா? வெளி விளிம்பில் துரு வரம்பு கட்டியிருக்கிறதா? தடுப்புத் தகடு எங்காவது டிஸ்க்கைத் தொடுகிறதா, நடுவில் கல் மாட்டியிருக்கிறதா?

கல் விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் வண்டியில் கிர்ர்ர் என்ற சத்தத்துக்கு பேரிங் போய்விட்டது என்று சொல்லி ஒரு கராஜில் முன் ஹப்பையே மாற்றினார்கள். இந்த வண்டியில் முன் பேரிங் தனியாக வராது, ஹப்போடு சேர்த்துத்தான், விலையும் அதிகம். மாற்றிய பிறகும் அதே கிர்ர்ர். கடைசியில் தடுப்புத் தகட்டை விரலால் வெளிப்பக்கம் இழுத்தபோது பட்டாணி அளவு கல் ஒன்று டொக்கென்று கீழே விழுந்தது. ஒரு பக்கம் ரத்தினம் மாதிரி பளபளவென்று தேய்ந்திருந்தது. பேரிங் சத்தம் வேறு மாதிரி: உர்ர்ர் என்று வேகத்தோடு ஏறும், பிரேக்கால் மாறாது, வளைவில் திரும்பும்போது மாறும். வலப்பக்கம் திரும்பினால் எடை இடது சக்கரத்துக்குப் போகும், அப்போது சத்தம் கூடினால் இடது பேரிங்.

மார்ச் 14, இரவு

மறந்தது: கேபிள் வந்து சேரும் இடத்தில், காலிப்பரின் பின்னால் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். ஹேண்ட்பிரேக் இறக்கியிருக்கும்போது அது தன் முட்டுத் தடையைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். தொடாமல் பாதியில் நின்றால் கேபிள் துருப்பிடித்திருக்கிறது, அல்லது நெம்புகோலின் அச்சு இறுகியிருக்கிறது. பேடைத் தேடப் போகும் முன் இதைப் பாருங்கள்.

மார்ச் 16

போட்டோக்கள் வந்தன. இவ்வளவு தெளிவாக ஒரு வண்டி தன் கதையைச் சொல்வது அபூர்வம்.

டிஸ்க்கில் பேட் வடிவத்தில் ஒரு பழுப்புக் கறை. குளிர்காலம் முழுக்க ஹேண்ட்பிரேக் போட்டபடி நின்றிருக்கிறது. பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் ஈரம் தங்கி அந்த இடம் மட்டும் அரித்திருக்கிறது. நெம்புகோல் தடையைத் தொடுகிறது, கேபிள் நன்றாக இருக்கிறது. பேட் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. எம்ஓடி பரிசோதனையில் (இங்கிலாந்தில் வருஷா வருஷம் நடக்கும் வண்டித் தகுதிச் சோதனை) தோல்வி ஆவதற்கு 1.5 மில்லிமீட்டருக்குக் கீழே போக வேண்டும், இது அதன் பக்கத்தில்கூட இல்லை.

முக்கியமான போட்டோ நாலாவது. உள்பக்க பேடின் காது, அதாவது பேடின் இரும்புத் தகடு இருபுறமும் நீண்டு, காலிப்பரைத் தாங்கும் சட்டத்தின் பள்ளத்தில் உட்காரும் அந்த நுனி. பள்ளத்தில் ஒரு மெல்லிய துருப்பிடிக்காத தகடு செருகியிருக்கும், காது அதன் மேல் வழுக்க வேண்டும். தகடு பளிச்சென்று நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு அடியில், வார்ப்பிரும்புச் சட்டத்தில், துரு அடுக்கடுக்காகப் பொருமி, தகட்டையே உள்ளே தள்ளிவிட்டது. பள்ளம் குறுகிப் பேட் ஆப்பு வைத்ததுபோல் மாட்டிக்கொண்டது. சுத்தியலால் தட்டித்தான் வெளியே எடுக்க முடிந்தது என்று எழுதியிருக்கிறார்.

இப்போது எல்லாம் பொருந்துகிறது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் அதை ஒரு மயிரிழை பின்னால் இழுக்கும், பேடும் டிஸ்க்கை விட்டு அந்த மயிரிழை விலக வேண்டும். மாட்டிக்கொண்ட பேட் விலகவில்லை, டிஸ்க்கை உரசிக்கொண்டே இருந்தது. சுற்றுக்கு ஒருமுறை அந்தக் கறை படிந்த இடம் வரும்போதெல்லாம் கீச். மிதித்தால் பேட் இறுகி அதிர முடியாமல் போகிறது, சத்தம் நிற்கிறது.

மார்ச் 16, இரவு

இனிச் செய்ய வேண்டியது. செலவு என்று பார்த்தால் கிரீஸும் உப்புத்தாளும்தான்.

இரண்டு பேடும் எது உள்ளே, எது வெளியே என்று குறித்து வையுங்கள், அதே இடத்துக்கே திரும்பப் போக வேண்டும். காலிப்பரை ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் திரவம் வரும் ரப்பர் ஹோஸில் அதன் எடை விழக் கூடாது. சட்டத்தின் பள்ளங்களிலிருந்து தகடுகளைக் கழற்றிவிட்டு, அடியில் உள்ள துருவை கம்பி பிரஷும் தட்டை அரமும் கொண்டு எடுங்கள். துரு மட்டும் போகட்டும், நல்ல இரும்பை அராவ வேண்டாம். தகடு திரும்பச் சமமாக உட்கார வேண்டும். பேடின் காதுகளிலும் துருவும் தடித்த பெயின்ட்டும் இருந்தால் சுரண்டுங்கள். எப்போது போதும் என்று தெரியுமா? பேடை விரல் நுனியால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், ஆனால் மேலும் கீழும் கடகடக்கக் கூடாது. சுத்தியல் தேவைப்பட்டால் இன்னும் வேலை பாக்கி.

அப்புறம் பின்கள். ரப்பர் உறை கிழியாமல் வெளியே இழுத்து, பழைய கிரீஸைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் பூசுங்கள். சாதாரண பேரிங் கிரீஸ் வேண்டாம். பெட்ரோலியக் கிரீஸ் பட்டால் இங்கே இருக்கும் ரப்பர் உப்பிப்போகும், இன்று வழுக்கும் கம்பி சில மாதத்தில் இறுகிவிடும்.

டிஸ்க்கின் கறையை உப்புத்தாளால் இரண்டு முகத்திலும் மெதுவாகத் தேயுங்கள், பிரேக் கிளீனரால் துடையுங்கள். தடவினால் பள்ளம் கையில் தட்டுப்படாவிட்டால் மாற்றத் தேவையில்லை, ஓட்ட ஓட்ட போய்விடும். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். துரு வரம்பைத் தவிர்த்து, பேட் ஓடும் இடத்தில் அளந்து பாருங்கள்.

மார்ச் 17

பிஸ்டனைப் பின்னால் தள்ளும்போது ஜாக்கிரதை. வேறு வண்டிகளில் செய்வதுபோல் கிளாம்ப் வைத்து அழுத்தாதீர்கள், ஹேண்ட்பிரேக் இயக்கம் உள்ளேயே இருக்கிறது. காலிப்பரின் பின்னால் 14 மில்லிமீட்டர் போல்ட் ஒன்று மூடிபோல இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே 4 மில்லிமீட்டர் ஆலன் கீ போகும் திருகு தெரியும். இடப்பக்கம் திருகினால் பிஸ்டன் உள்ளே போகும். எல்லாம் மாட்டிய பிறகு வலப்பக்கம் திருகி, பேட் டிஸ்க்கைப் பிடிக்கும்வரை கொண்டுபோய், மூன்றில் ஒரு பங்கு சுற்றுத் திருப்பி விடுங்கள். கேபிளைக் கடைசியில் சரிசெய்யுங்கள். உள்ளே இருக்கும் ஹேண்ட்பிரேக் கைப்பிடி ஐந்து முதல் ஏழு பல்லுக்குள் நிற்க வேண்டும்.

இந்தத் திருகு இருப்பதே தெரியாமல் கேபிளை மட்டும் இறுக்கிக்கொண்டே போகிறவர்கள் நிறைய. கேபிளை இறுக்கினால் அந்த நெம்புகோல் தடையை விட்டு நகர்ந்துவிடும், பேட் உரச ஆரம்பிக்கும். எம்ஓடிக்கு முந்தின நாள் ஹேண்ட்பிரேக்கை இறுக்கிவிட்டு, மறுவாரம் பின்னால் சத்தம் என்று வருகிறவர்களுக்கு இதுதான் காரணம்.

இடது பக்கம் செய்ததை வலது பக்கமும் செய்யுங்கள். ஒரே உப்புத் தண்ணீரில் ஓடிய இரண்டு சக்கரம்.

மார்ச் 19

இதற்கிடையில் இன்னொருவர்: "எனக்கும் உரசுகிறது. பின்கள், காதுகள் எல்லாம் சுத்தம், பேட் கையால் நகர்கிறது. ஆனாலும் ஓட்டிவிட்டு வந்தால் ஒரு முன் சக்கரம் மட்டும் கொதிக்கிறது."

அப்போது பிஸ்டன் அல்லது ஹோஸ். பழைய ரப்பர் ஹோஸ் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்சுவர் உப்பி, திரவத்தைப் போக விட்டு வர விடாமல் பிடித்துக்கொள்ளும். கண்டுபிடிக்கும் வழி: சக்கரத்தைத் தூக்கி, பிரேக்கை மிதித்துவிட்டுக் காலை எடுங்கள். சக்கரம் இறுகியிருக்கும்போதே அந்தக் காலிப்பரின் பிளீட் நிப்பிளை (திரவத்தை வெளியே விடும் சின்னத் திருகு) திறங்கள். கொஞ்சம் திரவம் பீறிட்டுச் சக்கரம் உடனே லேசாகிவிட்டால் அழுத்தம் உள்ளே சிக்கியிருந்தது, ஹோஸைச் சந்தேகியுங்கள். திறந்தும் இறுகியே இருந்தால் பிஸ்டன் துருவேறிப் பிடித்திருக்கிறது.

திறந்ததுதான் திறந்தீர்கள், முழுத் திரவத்தையும் மாற்றிவிடுங்கள். டாட் 4 வகை பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிதாக 230 டிகிரிக்குக் குறையாமல் கொதிநிலை இருக்க வேண்டியது, ஈரம் ஏறினால் 155 வரை இறங்கலாம். உரசிக் கொதிக்கும் பிரேக்கில் அந்தத் திரவம் ஆவியானால் பெடல் தரையைத் தொடும். இது வெறும் சத்தப் பிரச்சினை அல்ல. சக்கரம் கொதிக்கிறது என்றால் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

மார்ச் 23

கேட்டவர் எழுதுகிறார்: இரண்டு பக்கமும் முடித்தாராம். சத்தம் இல்லை. வலது பக்கமும் ஒரு காது மாட்டியே இருந்ததாம், இன்னும் கத்த ஆரம்பிக்கவில்லை, அவ்வளவுதான். மனசுக்கு ரொம்ப சந்தோஷம். கூடுதலாக ஒன்று சொல்கிறார், வண்டி முன்பைவிட லேசாக உருள்கிறது என்று. உருளத்தான் செய்யும்.

ஆனால் புதிதாக ஒன்று: ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னால் போய் முதல் தடவை பிரேக் மிதித்தால் ஒரே ஒரு "டக்".

மார்ச் 24

அந்த டக் பற்றிக் கவலை வேண்டாம். பின்னால் போகும்போது டிஸ்க் பேடைத் தன்னோடு இழுத்துப் பள்ளத்தின் ஒரு முனையில் வைக்கும், முன்னால் போய்ப் பிரேக் போட்டால் மறுமுனைக்குத் தள்ளும். அந்த இடைவெளிதான் டக். முன்பு பேட் இறுகி மாட்டியிருந்ததால் நகரவே முடியவில்லை. திசை மாறும்போது ஒரு முறை கேட்டால் இயல்பு. ஒவ்வொரு மிதிப்புக்கும் கேட்டால், அல்லது பள்ளம் மேட்டில் போகும்போது கடகடவென்று வந்தால், பேடை விரித்துப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்பிகளைத் திரும்பப் போட்டீர்களா என்று பாருங்கள். முதலில் எடுத்த போட்டோவோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். வீல் நட்களையும் டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள், 89 முதல் 117 நியூட்டன் மீட்டர். தளர்ந்த சக்கரமும் டக் டக் என்றுதான் சொல்லும்.

அடுத்த குளிர்காலத்தில் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். சமதரையில், கியரில் விட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து நிறுத்துங்கள். நிறுத்துவதற்கு முன் கழுவினால், நாலைந்து தடவை பிரேக் போட்டு டிஸ்க்கைக் காயவைத்துவிட்டு நிறுத்துங்கள்.

மார்ச் 25

"காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்குக்கு மட்டும் கரகரப்பு, அப்புறம் இல்லை" என்று ஒருவர். இரவு ஈரத்தில் டிஸ்க் மேல் படிந்த துருப் படலம். பேட் அதைத் துடைத்துவிடுகிறது. ஒன்றும் செய்ய வேண்டாம்.

மார்ச் 30

எம்ஓடி பற்றி ஒரு கேள்வி: "போன மாதம்தான் பாஸ் ஆனது, பிரேக் சத்தத்தை ஏன் கண்டுபிடிக்கவில்லை?" பரிசோதகர் சக்கரத்தைக் கழற்ற மாட்டார். சக்கர இடுக்கு வழியாகப் பார்ப்பார், உருளை மேல் ஏற்றிப் பிரேக்கின் பலத்தை அளப்பார். ஆனால் அந்த உருளை அளவுகளை அச்சிட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். மிதிக்காதபோதே ஒரு சக்கரம் எவ்வளவு இழுக்கிறது, இடதுக்கும் வலதுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்கலாம். வருஷா வருஷம் வைத்துக்கொண்டால், காதுக்குக் கேட்கும் முன்பே எந்தப் பக்கம் இறுகிவருகிறது என்று தெரியும்.

கடைசியாக, உண்மையிலேயே டிஸ்க் தேய்ந்து மாற்ற வேண்டியவர்களுக்கு. இந்தத் தலைமுறை எம்எக்ஸ்-5க்கு என்று பொதுவாகக் கேட்டு வாங்காதீர்கள். 1989-ல் வந்த 1.6 வண்டிகளில் முன் டிஸ்க் 235 மில்லிமீட்டர், பின் 231. 1.8 வந்தபோது அவை 255-ம் 251-ம் ஆகின. உருவம் ஒன்றே, பெட்டியின் மேல் எழுத்தும் ஏறக்குறைய ஒன்றே. தவிர, முப்பது வருஷத்தில் 1.6 வண்டிக்கு 1.8-ன் பிரேக்கை மாற்றிப் போட்டவர்களும் உண்டு, அதனால் பதிவுச் சான்றிதழில் உள்ள இன்ஜின் அளவை மட்டும் நம்ப முடியாது. ஆர்டர் போடும் முன் சக்கரத்தைக் கழற்றி ஸ்கேல் வைத்து விட்டத்தை அளந்துகொள்ளுங்கள்.